உள்ளிருந்து அடிக்கப்பட்ட கதவு

ஒரு வீட்டைப் பரிசோதிக்கப் போனால் பூங்கோதை முதலில் கேட்பது ஒரு மக் தண்ணீர். குளியலறையின் நடுவில் அதை ஊற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பாள். பத்தில் ஆறு வீடுகளில் தண்ணீர் வடிகுழியை விட்டுவிட்டு வாசல் பக்கமாக நடந்து வரும். "தொடைச்சு விட்டுக்குவோங்க, அது ஒண்ணும் பிரச்சினை இல்லீங்" என்று வீட்டுக்காரர்கள் உடனே சொல்வார்கள். இருபது வருடம் துடைத்தவர்கள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள்.

கோவையில் பதினேழு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. புதுப் பெயின்ட் வாசனை வந்தால் அதன் அடியில் ஓதம் இருக்கிறது. பீரோ காரணமில்லாமல் சுவரின் நடுவில் நின்றால் அதன் பின்னால் விரிசல். சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினால் பச்சை ஒயர் எதிலும் சேராமல் சுருண்டு கிடக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். பிடுங்கினால் பாவம் என்று விட்டிருப்பார்கள், வேர் கூரைக்குள் இறங்கியிருக்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு தட்டுகோலும் இரண்டு காதும் அவளுக்குப் போதும்.

ஆனால் மூன்று வருடமாக அவள் கையில் வருடி என்ற சுவர் சோதிக்கும் கருவியும் இருக்கிறது.

அன்று சிங்காநல்லூரில், சென்னியப்பன் என்பவரின் வீட்டில், அதைத் தோள்பையிலிருந்து எடுத்தபோது வீடு வாங்க வந்திருந்த ஷாகிரா ஆர்வமாகக் கிட்டே வந்தாள். முப்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த வீடு என்று அவள் பார்க்கும் முதல் வீடு இது.

"இது விரிசலக் காட்டுற மெஷின்தானே மேடம்?"

"விரிசல நானே காட்டிருவேன். அது எப்ப விழுந்துச்சு, எதனால விழுந்துச்சுன்னு இது சொல்லும்."

"அதெப்படி?"

"பூச்சு ஒடஞ்ச எடத்துல காத்துப் பட ஆரம்பிச்சதும் உள்ள இருக்கற சுண்ணாம்பு மாறத் தொடங்கிரும். எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்தா தேதி தெரிஞ்சுரும். விரிசலோட போக்கப் பாத்தா காரணம் தெரிஞ்சுரும். அஸ்திவாரம் எறங்குனா ஒரு மாதிரி விழும், லாரி போற அதிர்வுல வேற மாதிரி. ஆள் இடிச்சா அது இன்னொரு மாதிரி."

"ஆள் இடிச்சதக் கூடவா?"

"அதுக்காகத்தான் சட்டமே கொண்டு வந்தாங்க" என்றாள் பூங்கோதை. அதற்கு மேல் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வருடி வருவதற்கு முன்பு, வேறொரு பகுதியில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்பக்கம் நகக்கீறல்கள். நாய் வளர்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டு, 'கதவில் வண்ணம் உரிந்துள்ளது' என்று எழுதிவிட்டு வந்தாள். இரண்டு மாதம் கழித்துத்தான் செய்தி வந்தது. வீட்டு வேலைக்கு வந்த பதினாறு வயதுப் பெண்ணை அதற்குள்தான் அடைத்து வைத்திருந்தார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள். அவளுடைய வலது கை விரல்கள் மட்டும் பிறகு சரியாக மடங்கவில்லை. வீட்டுச் சான்றுச் சட்டத்துக்காக அரசு கருத்துக் கேட்டபோது பூங்கோதை தானே போய் மூன்றே சொற்கள் கொண்ட தன் வரியைப் படித்துக் காட்டினாள். சுவர் காட்டும் மனிதத் தீங்கு எதுவும் இனி அறிக்கையில் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது.

சென்னியப்பனுக்கு எழுபத்திரண்டு வயது. பம்பு மோட்டார் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டியவர். உயரமான, கொஞ்சம் கூன் விழுந்த உடம்பு. அவர் எதற்கும் சாக்குச் சொல்லவில்லை. "மாடில தண்ணி நிக்குதுங்க அம்மணி. சன்ஷேடுல கம்பி துருப்புடிச்சு வெளிய தெரியுது. நானே காட்டிர்றேன், வாங்க" என்று கூடவே வந்தார். எர்த் மட்டும் பிரமாதமாக இருந்தது. கரியும் உப்பும் போட்டு அவரே தோண்டிப் போட்டதாம். ஷாகிராவுக்கு அந்த வீட்டைப் பிடித்துப்போனது அவள் முகத்திலேயே தெரிந்தது.

பின் அறைக்கு வந்தார்கள். கட்டில் இல்லாத, ஜன்னல் உயரமாக இருந்த அறை. பூங்கோதை கதவு நிலையை ஒட்டிய சுவரிலும் தரையிலும் வருடியை மெதுவாக ஓட்டினாள். வழக்கமாக ஒரு நிமிடத்தில் முடிவது, ஐந்து நிமிடமாகியும் முடியவில்லை. பிறகு அதன் திரையில் எழுத்து வந்தது.

'கதவு உள்ளிருந்து அடிக்கப்பட்டது. அடிகள்: 6,340. காலம்: நான்கு ஆண்டு, ஏழு மாதம். அடித்தவர் உயரம்: நான்கடி பத்து அங்குலம். கதவு வெளித்தாழிடப்பட்டது. பெரும்பாலான அடிகளில் இடையே மென்மையான பொருள் வைத்து ஓசை குறைக்கப்பட்டுள்ளது. மேற்புறம் துளை ஒன்று. முடிவு: அடைத்து வைத்தல்.'

ஷாகிரா தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள். "மேடம்... நான் வெளில நிக்கறேன்" என்று போய்விட்டாள்.

பூங்கோதை கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்தது.

"இந்த ரூம்ல யாருங்க ஐயா இருந்தாங்க?"

"என் சம்சாரம். கருணாம்பா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தவறிப் போய் மூணு வருஷமாச்சுங்க."

"கதவ வெளிய இருந்து பூட்டுனது யாரு?"

பெரியவர் அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். அது என்ன சொல்லியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. "நாந்தானுங்க" என்றார்.

"ஏனுங்க?"

"அதுல என்ன வந்திருக்குதோ அதையே எழுதிக்குங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார்.

மனிதத் தீங்கு என்று வந்துவிட்டால் பரிசோதகருக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் உண்டு. 'ஏற்கிறேன்' என்று கையெழுத்திட்டால் அறிக்கை காவல் நிலையத்துக்கும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டுக்கும் போகும். 'பிழை' என்று இட்டால் அழிந்துவிடும். மூன்றாவதாக 'விளக்கத்துடன் ஏற்கிறேன்' என்று ஒன்றும் இருந்தது. அதற்குச் சம்பந்தப்பட்டவர் தன் பெயரில் வாக்குமூலம் தர வேண்டும். அதை யாரும் தருவதில்லை.

பூங்கோதை அலுவலகத்துக்குப் போனதும் 'ஏற்கிறேன்' பொத்தான்மேல் விரலை வைத்தாள். முன்பு ஒரு தடவை எழுதாமல் விட்டது போதும் என்றுதான் இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. வருடி முடிவைச் சொன்னாலும் அடியில் இருக்கும் எண்களை ஒரு தரம் பார்க்காமல் அவள் எதிலும் கையெழுத்திட்டதில்லை. பார்த்தாள். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தரைத் தேய்மானத்துக்கு வந்தாள். அந்த அறையின் தரையில் கதவுக்கு உட்புறம் இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்த தேய்மானம் இருந்தது. ஒருவர் எடை நாற்பது கிலோ. இன்னொருவர் எழுபது.

அடைத்து வைத்தவர் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் மறுபடி சிங்காநல்லூருக்குப் போனாள். சென்னியப்பன் கதவைத் திறந்தார். "போலீஸ் வரும்னு நெனச்சேனுங்க" என்றார்.

"நான் ஒரு தடவ பாத்துக்கறேன் ஐயா."

பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாள் தானாக விழும் சத்தம் கேட்டது. அதன் உள்பக்கத்தை வெளிச்சம் சாய்வாக விழும்படி டார்ச் அடித்துப் பார்த்தாள். கீழ்ப்பகுதியில் ஒரு முழ அகலத்துக்கு வார்னிஷ் மங்காமல், எண்ணெய் பட்டு மெருகேறியதுபோல மின்னியது. அவள் தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தாள். அந்த மினுமினுப்பு அவள் தோளையும் தாண்டி, தலைக்குச் சமமாக முடிந்தது. அவளைவிட உயரமான ஒருவர் அங்கே பல காலம் முதுகு சாய்த்திருக்கிறார்.

எழுந்து, மேலே இருந்த துளையைப் பார்த்தாள். அதிலிருந்து மெல்லிய செம்புக் கம்பி ஒன்று தொங்கியது. மோட்டாரில் சுற்றும் கம்பி. எட்டி இழுத்தாள். வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள் டக்கென்று விலகியது.

கதவைத் திறந்தபோது பெரியவர் எதிரிலேயே நின்றிருந்தார்.

"உள்ள இருந்துக்கிட்டு வெளித் தாழ்ப்பாளத் தொறக்கறதுக்குக் கம்பி கட்டியிருக்கீங்க" என்றாள் பூங்கோதை. "அவங்களுக்கு எட்டாத ஒசரத்துல. நீங்களும் அவங்களும் சேந்துதான் உள்ள இருந்திருக்கீங்க. அவங்க கதவ அடிக்கறப்ப நீங்க நடுவுல உக்காந்திருக்கீங்க. மெஷின் மென்மையான பொருள்னு சொல்றது உங்க முதுகு."

சென்னியப்பன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளும் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்தாழ்ப்பாள் எது போட்டாலும் தொறந்துருவாளுங்க" என்று மெதுவாக ஆரம்பித்தார். "ஆள மறந்துட்டா, பேர மறந்துட்டா, தாழ்ப்பாளத் தொறக்கறத மட்டும் மறக்கல. ரெண்டு தடவ ரயில் ரோடு வரைக்கும் போயிட்டா. 'எங்கப்பன் ஊட்டுக்குப் போகோணும், உடு'ன்னு கதவப் போட்டு அடிப்பா. தேக்குக் கதவுங்க. கை பிஞ்சு போயிரும். தலகாணி வெச்சுப் பாத்தேன், எடுத்து வீசிருவா. நான் உக்காந்தா வீச முடியாதுல்லங்க? அடிச்சு அடிச்சு, அசந்து, எம்மேலயே சாஞ்சு தூங்கிருவா."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்டங்க? பக்கத்து ஊட்டுல கேட்டா மூட்டு வலி, வெளிய வர்றதில்லைன்னேன். எம்பொண்ணு வினோதினி கனடாவுல இருக்குது. அம்மாவுக்குக் கொஞ்சம் ஞாபகமறதின்னுதான் அதுக்குத் தெரியும். அம்மா கடைசில இப்பிடி இருந்தான்னு அது பதிவேட்டுல படிக்கோணுமா? அதுக்கு நான் கெட்டவன்னு இருந்துட்டுப் போறேன்."

பூங்கோதைக்கு அந்த நிமிடமே 'பிழை' என்று கையெழுத்திட்டு விடலாம்போல இருந்தது. ஒரே ஒரு பொத்தான். யாருக்கும் எதுவும் தெரியாது. பெரியவரும் அதைத்தான் கேட்டார்.

"தப்பா வந்திருச்சுன்னு எழுத வழியில்லீங்களா?"

"இருக்குது ஐயா. ஆனா அப்பிடி எழுதுனா அந்தப் பாடம் இந்த மெஷினோட நிக்காது. ஊர்ல இருக்கற அத்தன மெஷினும் அதக் கத்துக்கும். வெளிய பூட்டுன கதவு, உள்ள இருந்து அடி, நடுவுல ஏதோ வெச்சு சத்தத்தக் கொறச்சிருக்கு... இதெல்லாம் ஒண்ணுமில்லன்னு எடுத்துக்கும். நாளைக்கு நெசமாவே ஒரு பொண்ண அடச்சு வெச்சு, சத்தம் கேக்காம இருக்க மெத்தய கட்டி வெச்சிருந்தாலும் மெஷின் பேசாம இருந்துரும்."

அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னாள். தான் என்ன எழுதினாள் என்பதையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே தன் கைவிரல்களை மடக்கி மடக்கி நீட்டினார்.

"நான் வாயத் தொறந்து சொன்னா?"

"அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியும். உக்காந்த முதுகு எப்பிடி இருக்கும், கட்டி வெச்ச மெத்த எப்பிடி இருக்கும்னு. ஆனா உங்க பேரும் அம்மா பேரும் பதிவேட்டுல வரும். யாரு வேணும்னாலும் படிக்கலாம்."

சென்னியப்பன் எழுந்து உள்ளே போனார். சுவரில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றார். திரும்பி வந்து சட்டைப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எழுதிக்குங்க. ஆனா ஒண்ணு. அடச்சு வெச்சேன்னு போடாதீங்க. நாங்க ரெண்டு பேரும் அடஞ்சு கெடந்தோம்னு போடுங்க."

பூங்கோதை அப்படியே எழுதினாள். இறப்புச் சான்றிதழ், மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துத் தந்தார். கடைசியில் அவள் ஓர் எண்ணில் வந்து நின்றாள். முந்தின நாளே பார்த்ததுதான்.

"ஒரு நாள் மட்டும் கணக்கு ஒதைக்குது ஐயா. ஜூலை ஒம்பது. அன்னிக்கு மட்டும் நானூத்திப் பன்னெண்டு அடி. எல்லாமே கதவுல நேரா விழுந்தது. நடுவுல நீங்க இல்ல." அவர் முகத்தைப் பார்த்ததும் அவளே தொடர்ந்தாள். "மருந்து கிருந்து வாங்கப் போயிருப்பீங்க. அவசரம்னு எழுதிர்றேன். அதத் தனியா யாரும் கேக்க மாட்டாங்க."

"வேண்டாங்க."

"ஐயா..."

"மருந்துக்குப் போகல. காத்தால எட்டு மணிக்குப் பூட்டிட்டுப் போனேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எந்திரிச்சு வந்தேன். அன்னிக்கு அடச்சுத்தான் வெச்சேன். அந்த ஒரு நாள மட்டும் மாத்தாதீங்க அம்மணி. மெஷின் சொல்றது அன்னிக்கு நெசம்."

"வந்து தொறந்தப்ப எப்படி இருந்தாங்க?"

"கை ரெண்டும் வீங்கிப் போயிருந்துச்சு. என்னப் பாத்து, 'எங்கூட்டுக்காரர் இன்னும் வரலீங்க, நீங்க யாரு'ன்னு கேட்டா."

பூங்கோதை தன் வேலையில் எத்தனையோ வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறாள். குறையை மறைக்கத்தான் எல்லோரும் பாடுபடுவார்கள். குறையை விட்டுவிடாதே என்று கேட்ட ஒருவரை அன்றுதான் பார்த்தாள். ஜூலை ஒன்பதுக்கு நேராக 'அடைத்து வைத்தல்' என்று எழுதி, 'பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை இட்டாள்.

காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் உதவி ஆய்வாளர் வந்து விசாரித்தார். கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார், கம்பியை இழுத்துப் பார்த்தார், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக்கொடுத்தார். தெருவில் சிலர் சென்னியப்பனோடு பேசுவதை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், நான்கு வருடம் ஒரு சுவர் தள்ளி இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று வந்து அழுதுவிட்டுப் போனார். ஷாகிரா பதிவேட்டைப் படித்தாள். அவள் வேலை பார்க்கும் வார்டில் கருணாம்பா போன்றவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். அவள் பூங்கோதையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "மாடில தண்ணி நிக்கறத சரி பண்ண எவ்வளவு நாளாகும்?" வீட்டை வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழிந்தது. பூங்கோதை பீளமேட்டில் ஒரு புது அடுக்குமாடியில், டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தாள். உள்ளே கலவை இல்லாத இடத்தில் டொக் டொக்கென்று வெற்றொலி வந்தது. அப்போது போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

"பூங்கோதை மேடமுங்களா? நான் சென்னியப்பனோட பொண்ணு, வினோதினி. ரிப்போர்ட்ல உங்க நம்பர் இருந்துச்சு."

பூங்கோதை தரையிலேயே உட்கார்ந்தாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். "சொல்லுங்கம்மா."

"முழுசும் படிச்சேன். நாலஞ்சு தடவ படிச்சேன். அந்த ஜூலை ஒம்பது. அது உறுதியா அந்தத் தேதிதானா?"

"ஒரு நாள் முன்னப் பின்ன இருக்கலாம்ங்க. ஆனா ஐயாவே அன்னிக்குத்தான்னு ஒத்துக்கிட்டாரு. எடுத்துறலாம்னுகூட சொல்லிப் பாத்தேன். அவருதான் இருக்கட்டும்னாரு."

"எதுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்னு சொன்னாருங்களா?"

"இல்லீங்க. சும்மா உக்காந்திருந்தேன்னாரு."



"எட்டாந் தேதி சாயங்காலம் நான்தான் போன் பண்ணுனேன். அம்மாவ இனி உங்களால பாத்துக்க முடியாதுப்பா, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஹோம்ல பேசி வெச்சிருக்கேன், காலைல போய்ப் பாருங்கன்னேன். அம்மாவக் கூட்டிட்டுப் போக வேண்டாம், ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு நீங்க மட்டும் போங்க, ஒரு நாள்தானேன்னு சொன்னேன். ரொம்ப அழுத்திச் சொன்னேன். அடுத்த நாள் கேட்டப்ப, போய்ப் பாத்தேன் கண்ணு, எடம் நல்லா இல்லன்னாரு. நானும் நம்பிட்டேன். அவரு பஸ்ஸே ஏறல."

பூங்கோதைக்கு, கொஞ்சம் ஞாபகமறதிதான் என்று மகள் நினைத்திருப்பதாகப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மகள் பெயர் எங்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பொறுப்பானவர்ங்கற கட்டம் இருக்குதுல்லங்க" என்றாள் வினோதினி. "அதுல அப்பா பேரு மட்டும் இருக்குது. என் பேரையும் சேக்க முடியுமா?"

"ஒரு மாசத்துக்குள்ளன்னா திருத்தலாம்ங்க. ஆனா ஐயாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்பாரு. அதான் உங்களக் கேக்கறேன்."

"அதுல ஒரு பேருக்குத்தான் எடம் விட்டிருக்காங்க."

"பரவால்லீங்க. ஒரு கமா போட்டுப் பக்கத்துலயே எழுதிருங்க."

பூங்கோதை தட்டுகோலைத் தரையில் வைத்துவிட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"முழுப் பேரு சொல்லுங்கம்மா."

"செ. வினோதினி" என்றது குரல். "இனிஷியல விட்டுறாதீங்க."